கொழும்பு விலையும் கீழமாசி வீதி விலையும்: மிளகுக் கேள்விகளும் பதில்களும்

இலங்கை மிளகைப் பற்றி வந்த கடிதங்கள் அதிகம். ஆகவே இந்த முறை பகுதி பெரும்பாலும் அதற்கே. கணக்குகளில் வரும் டாலர் மதிப்பு, கப்பல் கூலி, லாரி வாடகை எல்லாம் விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. வரி விகிதங்களைச் சரக்குக்கு முன்பணம் அனுப்பும் அன்று உங்கள் சுங்கத் தரகரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையிலிருந்து மிளகு கிலோ ஆறரை டாலருக்கு ஏற்றுமதியானதாகச் செய்தியில் படித்தேன். டாலர் 85 ரூபாய் என்றால் 552 ரூபாய் 50 காசு. எங்களுக்கு மொத்த வியாபாரி போடும் விலை 650. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து நாங்களே நேராக இறக்கினால் என்ன?
மளிகைக் கடைக்காரர், கீழமாசி வீதி, மதுரை

செய்தியில் பார்த்தது எஃப்.ஓ.பி. விலை. கொழும்புத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிவிடும் வரைதான் அதில் அடக்கம். கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தால் சி.ஐ.எஃப். விலை. இந்தியச் சுங்கத்தில் வரி போடுவது இந்த இரண்டாவது விலையின் மேல்தான்.

இருபதடி கண்டெய்னர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மூட்டை அடுக்கக் கிடைக்கிற இடம் சுமார் 28 கன மீட்டர். லிட்டருக்கு 500 கிராம் நிற்கிற மிளகு என்றால் 14 டன் ஏறும். கூலியும் காப்பீடும் கிலோவுக்கு 5 ரூபாய் 50 காசு என்று வைத்தால் சி.ஐ.எஃப். 558 ரூபாய், மொத்தச் சரக்கு 78 லட்சத்து 12 ஆயிரம்.

இனி எந்த ஒப்பந்தத்தின் கீழ் இறக்குகிறீர்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் ஒதுக்கீடு உண்டு. அந்த அளவுக்குள் வந்தால் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. அது தாண்டினால் சாஃப்டா எனப்படும் தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீதம். சரக்கு இலங்கையில் விளைந்தது என்பதற்கான தோற்றச் சான்றிதழ் இல்லையென்றால் இரண்டும் கிடைக்காது; பொது விகிதம், 70 சதவீதம். இந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம் ஏறும்.

8 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள். 558-க்கு வரி 44.64. அதன் மேல் கூடுதல் வரி 4.46. ஆக 607 ரூபாய் 10 காசு. தூத்துக்குடியில் இறக்குகூலி, தரகர் கட்டணம், உணவுப் பாதுகாப்பு மாதிரிச் சோதனை, மதுரைக்கு 140 கிலோமீட்டர் லாரி எல்லாமாகக் கிலோவுக்கு 6 ரூபாய் வைத்தால் 613. இதற்கு வெளியே ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. துறைமுகத்திலேயே கட்ட வேண்டும். பின்னால் உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரு கண்டெய்னருக்கு நாலேகால் லட்சம் ரூபாய் அதில் முடங்கிக் கிடக்கும்.

மொத்த வியாபாரியின் 650-க்கும் உங்கள் 613-க்கும் இடையே 37 ரூபாய். அதில் அவர் இரண்டு மாத வட்டி, எடைக் குறைவு, புடைத்து எடுக்கும் கழிவு, கடன் கொடுத்த கடைக்காரர் இழுத்தடிப்பது எல்லாம் தாங்குகிறார். ஒருவருக்கு வருஷத்துக்கு இரண்டு டன் ஓடும் கடைகள் நாலைந்து சேர்ந்து 14 டன்னை இறக்கினால், கடைசி மூட்டை விற்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விலை நூறு ரூபாய் இறங்கினால் யார் தாங்குவது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் தூத்துக்குடியில் ஏற்கெனவே இறக்குகிறவரிடம் இரண்டு டன், மூன்று டன்னாக வாங்குவது மேல்.

இறக்கியே தீருவதென்றால் கையில் இருக்க வேண்டியவை: ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம், இலங்கைப் பயிர்த் தடுப்புக்காப்பு நிலையம் தரும் சான்றிதழ், தோற்றச் சான்றிதழ். கடைசி இரண்டும் கப்பல் வருவதற்குள் அசலாக வந்து சேர வேண்டும். சரக்கு வந்து பத்திரம் வராவிட்டால் துறைமுக வாடகையும் கண்டெய்னர் தாமதக் கட்டணமும் நாள் கணக்கில் ஏறும். முதல் முறை இறக்குகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

2020-ல் வியட்நாம் மிளகு கிலோ மூன்று டாலருக்கும் கீழே இருந்தது. அதே ஆண்டில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த மிளகு மட்டும் சுங்கப் பதிவேட்டில் 500 ரூபாய்க்கு மேலேயே நிற்கிறது. இலங்கை மிளகு அவ்வளவு உசத்தியா?
மசாலாப் பொருள் தரகர், விருதுநகர்

உசத்திதான், காரமும் எண்ணெயும் அதிகம். ஆனால் விலை இரட்டிப்பாகும் அளவுக்கு இல்லை. அந்த 500-ஐப் பதிவேட்டில் எழுதியது சந்தை இல்லை, இந்தியச் சட்டம்.

2017 டிசம்பரில் மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை கிலோ 500 ரூபாய் என்று அரசு வைத்தது. 2018 ஜூலையில் அதை இன்னும் இறுக்கி, சி.ஐ.எஃப். விலை 500 ரூபாய்க்குக் குறைவான மிளகு இறக்குமதியே தடை என்று ஆக்கிவிட்டார்கள். கூடுதல் வரி கட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வழியில்லை. 499 ரூபாய் மிளகு துறைமுகத்தைத் தாண்டாது. ஆகவே அந்தத் தேதிக்குப் பிறகு சாதாரண வணிகத்தில் பதிவான எந்த மூட்டையின் விலையும் 500 அல்லது அதற்கு மேல்தான் இருக்க முடியும். இலங்கையில் மாத்தளை விவசாயிக்கு என்ன கிடைத்தது என்பது அந்த எண்ணில் தெரியாது.

இலங்கையின் மிளகில் பெரும் பங்கை வாங்குவது இந்தியா. ஆகவே இந்தியா போட்ட வேலி இலங்கையின் ஏற்றுமதிச் சராசரியையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. சின்ன நாட்டின் ஏற்றுமதி விலையைப் படிக்கும்போது, அதன் பெரிய வாடிக்கையாளர் ஊரில் என்ன சட்டம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சந்தை விலை 300, பத்திரத்தில் காட்டும் விலை 510 என்று இருக்கும் காலத்தில் என்ன நடக்கும் என்பது தரகரான உங்களுக்குத் தெரியாததல்ல. வங்கி வழியாக 510 போகும், மிச்சம் வேறு வழியில் திரும்பி வரும். உங்களிடம் யாராவது அப்படி ஏற்பாடு பேசினால் ஒதுங்கிவிடுங்கள். விலையைப் பொய்யாகக் காட்டினால் 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழ் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதம் போடலாம். பணம் சுற்றி வந்ததற்கு அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தனி வழக்கு. ஒரே நாளில் கொழும்பில் அதே தரத்துக்கு என்ன விலை என்று பார்ப்பது அதிகாரிகளுக்குக் கடினமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். வேலி ரூபாயில் போடப்பட்டது. 2017 கடைசியில் டாலர் 64 ரூபாய் 50 காசு அளவில் இருந்தபோது 500 ரூபாய் என்பது 7 டாலர் 75 சென்ட். டாலர் 85 ஆனால் அதே 500 ரூபாய் 5 டாலர் 88 சென்ட்தான். சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, வேலியின் உயரம் கால் பங்கு குறைந்துவிட்டது. உலக விலை ஆறு டாலருக்கு மேல் இருக்கும் நாட்களில் அந்த வேலி யாரையும் தடுப்பதில்லை.

இலங்கை மிளகின் ஏற்றுமதி, இறக்குமதி விலை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். இலங்கைக் கணக்கும் இந்தியக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?
பொருளியல் மாணவி, மதுரை

ஒத்துப்போனால்தான் ஆச்சரியம். இலங்கை எழுதுவது எஃப்.ஓ.பி., இந்தியா எழுதுவது சி.ஐ.எஃப். இலங்கையின் ஆண்டு ஜனவரியில் தொடங்கும், இந்திய வணிகக் கணக்கு ஏப்ரலில். மார்ச் 29-ல் கொழும்பில் ஏறிய சரக்கு ஏப்ரலில் தூத்துக்குடியில் பதிவானால் இரண்டு வேறு ஆண்டுகள். ஆகவே மாதக் கணக்கை எடுத்து நீங்களே ஆண்டைக் கட்டுங்கள். இரண்டு நாட்டுப் பதிவேட்டையும் பயன்படுத்தலாம். ஒன்றை மற்றதோடு கழித்து "வித்தியாசம்" என்று எழுதுவதுதான் தப்பு.

சராசரி எடுக்கும்போது மாத விலைகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். ஒரு மாதம் 100 டன் 5 டாலருக்கும், அடுத்த மாதம் 900 டன் 7 டாலருக்கும் போனால் சராசரி 6 இல்லை. மொத்த மதிப்பு 68 லட்சம் டாலரை 10 லட்சம் கிலோவால் வகுத்தால் 6.80.

சுங்கப் பதிவேட்டில் சரக்கு வகையைக் காட்டும் குறியீட்டு எண் 0904.11 என்பது பொடிக்காத மிளகு. அதற்குள் கறுப்பு, வெள்ளை, பச்சையாக உலர்த்தியது, லேசு மிளகு, பின்ஹெட் எனப்படும் குறுணை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இலங்கையில் இந்த லேசு மிளகு முக்கியம். மணி முற்றி மாவு ஏறுவதற்கு முன்பே பறித்தால் எடை இருக்காது, எண்ணெயும் காரச் சத்தும் விகிதத்தில் கூடுதலாக இருக்கும். சாறு எடுக்கும் ஆலைகளுக்கு அதுதான் வேண்டும். ஒரு மாதத்தில் லேசு மிளகு அதிகமாகப் போயிருந்தால் சராசரி விலை நகரும், சந்தை நகர்ந்திருக்காது. இந்தியப் பதிவேட்டில் எட்டு இலக்கம் வரை போய்ப் பாருங்கள், அங்கே லேசு மிளகும் பின்ஹெட்டும் தனித்தனி வரிசையில் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜகார்த்தாவில் இருக்கும் சர்வதேச மிளகுச் சமூகம் வெளியிடும் நாட்டுவாரி விலைகளை வைத்துக்கொள்ளுங்கள். 2022-ஐ மட்டும் தனியாக நடத்துங்கள். அந்த ஆண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் இலங்கை ரூபாய் டாலருக்கு 200-ல் இருந்து 360 வரை சரிந்தது. ஆறரை டாலர் மிளகு அங்கே 1,300 ரூபாயிலிருந்து 2,340 ரூபாய் ஆகிவிடும், டாலரில் ஒரு சென்ட் ஏறாமலே. இலங்கை ரூபாயில் வரைபடம் போட்டு "விலை உயர்வு" என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள்.

லிட்டர் எடை 550 கிராம் என்று சொல்லி விற்ற மிளகு கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது. கடையிலேயே சோதிக்க வழி உண்டா?
மசாலா அரவை ஆலை, திருமங்கலம்

உண்டு, செலவும் கிடையாது. நேர்ச் சுவருள்ள ஒரு லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் வாங்குங்கள். அது உண்மையிலேயே ஒரு லிட்டர்தானா என்று முதலில் பாருங்கள்: வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் 1,000 கிராம் காட்ட வேண்டும். 970 காட்டினால் உங்கள் சோதனை எல்லாமே மூன்று சதவீதம் தப்பாகப் போகும்.

பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து ஒரு தட்டில் வையுங்கள். அகல வாய்ப் புனலை விளிம்புக்கு நாலு விரல்கடை மேலே பிடித்து, மிளகு வழிந்து கொட்டும் வரை ஒரே சீராக விடுங்கள். பிறகு மர ஸ்கேலின் விளிம்பால் மேலே நெளிநெளியாக வழித்துவிடுங்கள். பாத்திரத்தைத் தட்டவோ குலுக்கவோ கூடாது. லேசாகத் தட்டினாலே இருபது முப்பது கிராம் கூடுதலாக இறங்கிவிடும். சந்தையில் 520-ஐ 550 ஆக்குகிற வித்தை பெரும்பாலும் இந்தத் தட்டல்தான். மூன்று முறை எடுங்கள், மூன்றும் ஐந்து கிராமுக்குள் நிற்க வேண்டும்.

மாதிரியை எங்கே எடுக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். 14 டன் என்றால் ஐம்பது கிலோ மூட்டை 280. குறைந்தது 17 மூட்டைகளைப் பல அடுக்குகளிலிருந்து இழுத்து, குத்தி எடுக்கும் குழாயால் மேல், நடு, அடி மூன்றிலும் எடுங்கள். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மறுபடி குவியுங்கள். இரண்டு கிலோ மிஞ்சும் வரை இப்படியே.

லிட்டர் எடை மட்டும் போதாது. 580 நிற்கும் கனமான மிளகில் பொக்கு மிளகைக் கலந்து 550-க்கு இறக்கினாலும் எண் சரியாகத்தான் காட்டும். உங்கள் கைக்கு லேசாகப் பட்டது அதனால் இருக்கலாம். ஐம்பது கிராம் நிறுத்து எடுத்து, விரலால் நசுக்கிப் பாருங்கள். பொக்கு மணி அப்பளம்போல் நொறுங்கும், முற்றிய மணி நகத்துக்கு மசியாது. ஆய்வுக்கூடத்தில் இதையே 0.80 முதல் 0.82 வரை அடர்த்தியுள்ள ஆல்கஹால் கரைசலில் மிதக்கவிட்டு அளப்பார்கள். பப்பாளி விதை சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரே போதும். முற்றிய மிளகு அடியில் போகும், விதை மேலே நிற்கும். ஈர மிளகும் எடை கூட்டிக் காட்டும் என்பதை மறக்காதீர்கள். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

கொழும்பில் ஒருவர் எந்த நாட்டு மிளகாக இருந்தாலும் இலங்கைச் சான்றிதழோடு அனுப்புவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அவரை நம்பலாம், சொன்னதைச் செய்வார். மாட்டிக்கொள்வது நீங்கள்.

தோற்றச் சான்றிதழை இலங்கை வணிகத் துறைதான் தரும். மிளகு விளைபொருள் என்பதால் அந்த மண்ணில் விளைந்திருக்க வேண்டும். வேறு நாட்டு மிளகைக் கொண்டுவந்து சுத்தப்படுத்தி மூட்டை மாற்றினால் இலங்கை மிளகாகிவிடாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2019 கடைசியில் இலங்கையே மறுஏற்றுமதிக்காக மிளகு இறக்குவதைத் தடை செய்தது. இந்தியப் பக்கம் 2020 செப்டம்பர் 21 முதல், சரக்கு விளைந்த நாட்டைச் சரிபார்க்கும் கேரோட்டார் விதிகள் நடப்பில் உள்ளன. சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, சரக்கு அங்கே விளைந்தது என்பதற்கான விவரம் இறக்குகிறவரிடமே இருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளில் கொடுக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். அதாவது சரக்கை விற்றுக் காசாக்கி மூன்று வருஷம் கழித்தும் கதவு தட்டப்படலாம்.

முதல் கேள்வியின் கணக்கையே பாருங்கள். 8 சதவீதத்தில் கட்டிய வரி கண்டெய்னருக்கு 6 லட்சத்து 87 ஆயிரம். சான்றிதழ் செல்லாது என்றானால் 70 சதவீதம், கூடுதல் வரி சேர்த்து 60 லட்சத்து 15 ஆயிரம். வித்தியாசம் 53 லட்சம், மேலே வட்டி, அபராதம். ஒரு கண்டெய்னரில் கிடைக்கும் லாபம் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

தாண்டிக்குடி அருகே காப்பித் தோட்டத்தில் ஊடுபயிராக மிளகு. இலங்கை மிளகு வந்துதான் எங்கள் விலை இறங்குகிறது என்கிறார்கள். எப்போது விற்பது?
விவசாயி, கொடைக்கானல் கீழ்மலை

பாதி உண்மை. இறக்குமதி உங்கள் விலையைத் தீர்மானிப்பதில்லை, அதற்கு ஒரு கூரை போடுகிறது. மேலே 613 வந்ததே, அதுதான் அன்றைய கூரை. உள்ளூர் விலை அதற்கு மேல் போனால் ஆலைக்காரர் தூத்துக்குடிக்குப் போன் போடுவார். ஆகவே நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது கொழும்பு எஃப்.ஓ.பி. விலையும் டாலரும். இரண்டையும் பெருக்கி, கப்பல் கூலி சேர்த்து, கூடுதல் வரியோடு 8.8 சதவீதம் வரி போட்டு, ஆறு ரூபாய் கூட்டுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் விலை அந்தக் கூரைக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் ஏறும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. நாற்பது ஐம்பது ரூபாய் கீழே இருந்தால் காத்திருக்க இடம் உண்டு.

நம் பக்கம் அறுவடை டிசம்பர் முதல் மார்ச் வரை. வியட்நாம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். இலங்கையின் பெரிய அறுவடை மே முதல் ஜூலை வரை. அந்த மாதங்களில் அங்கிருந்து வரத்து அழுத்தும்.

வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. 600 ரூபாய் மிளகுக்கு மாதம் ஒரு சதவீத வட்டி என்றால் 6 ரூபாய். மூன்று மாதத்துக்கு 18. எடை ஒரு சதவீதம் காய்ந்தால் இன்னொரு 6. விலை 24 ரூபாய் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். பறித்ததும் பச்சை மிளகைக் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்து உலர்த்துங்கள். ஒரே கறுப்பாக வரும், இரண்டு நாள் முன்னதாகவே காயும், பூஞ்சை பிடிப்பதும் குறையும். நிறம் சீராக இருந்தால் வியாபாரி கழிவு பேச வாய் வராது.

பிரியாணிக்கு இலங்கைச் சுருள் பட்டை போடச் சொல்கிறார்கள். சாதாரணப் பட்டையைவிடப் பல மடங்கு விலை. தேவையா?
உணவக உரிமையாளர், மதுரை கே.கே. நகர்

தேவையில்லை. இரண்டும் வேறு மரங்கள். பதிவேட்டிலும் இலங்கைப் பட்டை 0906.11, காசியா எனப்படும் சாதாரணப் பட்டை வகைகள் 0906.19. சுருள் பட்டை மெல்லிய தோல்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி, சுருட்டுபோல் கையால் உருட்டியது; விலை அந்தக் கைவேலைக்கு. குழல் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு உயர் தரம். 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலுக்கு ஆல்பா (Alba) என்று பெயர். 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடும் கொடுத்தது. மணம் இனிப்பாக, மென்மையாக இருக்கும். சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் தம்மில் வேகும்போது அது அமுங்கிப்போகும். தடித்த பட்டையின் உறைப்புதான் அங்கே நிற்கும். பாயசம், பட்டைத் தேநீர் போன்றவற்றுக்குச் சுருள் பட்டை வாங்குங்கள். தினமும் பட்டைப் பொடி மருந்தாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் அதுவே சரி, காசியாவில் இருக்கும் கூமரின் ஈரலுக்கு ஆகாது, சுருள் பட்டையில் அது மிகக் குறைவு.

கொழும்பில் 14,000 கிலோ ஏற்றியதாகப் பத்திரம். மே மாதம் மதுரைக் குடோனில் எடை போட்டால் 13,637. மூட்டை எண்ணிக்கை சரி, சீல் சரி. 363 கிலோ எங்கே?
மொத்த வியாபாரி, மதுரை

காற்றில். ஏற்றும்போது ஈரம் 13.5 சதவீதம் என்றால் அதில் மிளகு 12,110 கிலோ, மிச்சம் தண்ணீர். மதுரை வெயிலில் 11.2 சதவீதத்துக்குக் காய்ந்தால் அதே 12,110 கிலோ மிளகு 13,637-ஆக நிற்கும். யாரும் திருடவில்லை. ஆனால் 613 ரூபாய் விலையில் நீங்கள் வாங்கிய தண்ணீருக்குக் கொடுத்தது 2 லட்சத்து 22 ஆயிரம்.

அடுத்த ஒப்பந்தத்தில் "ஈரம் 12.5 சதவீதம், கூடினால் விலை அதே விகிதத்தில் குறையும்" என்று எழுதுங்கள். 100-லிருந்து வந்த ஈரத்தைக் கழித்ததை, 100-லிருந்து பேசிய ஈரத்தைக் கழித்ததால் வகுத்து விலையோடு பெருக்க வேண்டும். 12.5 பேசி 13.5 வந்தால் 86.5-ஐ 87.5-ஆல் வகுத்து, ஆறரை டாலரால் பெருக்கினால் 6 டாலர் 43 சென்ட். ஒரு சதவீத ஈரத்துக்கு ஏழு சென்ட், கண்டெய்னருக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர்.

ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறு நடக்கும். தூத்துக்குடி யார்டில் பத்து நாள் மழையில் நின்ற கண்டெய்னரின் கூரைத் தகடு உள்ளே வியர்த்து மேல் அடுக்கு மூட்டைகளில் சொட்டும். எடை கூடிய சந்தோஷத்தில் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். ஏற்றும்போதே தரைப் பலகை காய்ந்திருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கங்களிலும் மேலேயும் கிராஃப்ட் காகிதம் விரித்து, ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள்.

ஈரத்தை எப்படி அளப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அடுப்பில் உலர்த்தி அளந்தால் மிளகின் வாசனை எண்ணெயும் சேர்ந்து ஆவியாகி, அதுவும் தண்ணீர்க் கணக்கில் ஏறிவிடும். எண்ணெய் அதிகமுள்ள இலங்கை மிளகில் இந்த வித்தியாசம் பெரியது. டொலுயீனில் காய்ச்சி வடிக்கும் முறையில் தண்ணீர் மட்டும் தனியாக இறங்கி நிற்கும். விற்கிறவர் ஒரு முறையிலும் வாங்குகிறவர் மறு முறையிலும் அளந்துவிட்டு ஆளுக்கொரு சான்றிதழோடு சண்டை போடுவது இந்தத் தொழிலில் வாடிக்கை.